மன்னர் விக்கும் மஞ்சள் குடமும்

மன்னர்களை உருவாக்கியவை வாளும் வம்சமும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. தவறு. மன்னரை உருவாக்குவது விக். இதை முதலில் கண்டறிந்த பெருமை பெரம்பலூரில் உள்ள எங்கள் குறைகேட்பு அலுவலகத்தையே சேரும்.

வெள்ளிவிழாவுக்கு நாடகம். மக்கள் குறையை நொடியில் தீர்க்கும் மன்னராக நடிக்க எங்கள் அதிகாரி சுதர்சன் சார் 'பெருந்தன்மையுடன்' சம்மதித்தார். அவருக்கோ முழு வழுக்கை. ஆகவே 'விக் தேர்வு மற்றும் பராமரிப்புக் குழு' அமைந்தது. நான் செயலாளர். மற்ற மனுக்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

திருச்சியிலிருந்து வந்த விக்குகளில் சுருள்முடி வில்லன் மாதிரி, சடைமுடி சாமியார் மாதிரி என்று நிராகரிக்கப்பட்டன. தோளில் புரளும் நைலான் விக் ஏகமனதாகத் தேர்வானது. ஷாம்பு கலந்த பச்சைத் தண்ணீரில் அலசினோம். நுனியிலிருந்து சிக்கெடுத்தோம். குடிதண்ணீர் கேன்கள் தீர்ந்தன, கடமை தீரவில்லை. வடிவம் கெடாமல் உலர்த்தத் தலை அளவுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. அலுவலகத்தில் சும்மா இருக்கும் தலைகள் பல இருந்தும், தர ஒருவரும் முன்வரவில்லை.

அப்போதுதான் சிறுவாச்சூர்ப் பக்கத்திலிருந்து செங்கமலம் வந்தார், மஞ்சள் பிளாஸ்டிக் காலிக்குடத்தோடு.

“எங்க தெருக் கொழாயில தண்ணி வந்து வருஷமாச்சுங்க சார்.”

“இருக்கட்டும்மா. அந்தக் கொடத்தக் கொஞ்சம் கவுத்து வைங்க,” என்றார் கண்காணிப்பாளர் ஜெயலட்சுமி.

விக் கச்சிதமாகப் பொருந்தியது.

“கொடம் எப்பங்க கெடைக்கும்?”

“முடி காயட்டும்.”

விழா நாளில் குடம் கேட்டு வந்த செங்கமலம், மேடையில் மன்னரைக் கண்டார். நேரே ஏறிவிட்டார்.

“ராசா, எங்க தெருவுக்குத் தண்ணி வேணும்!”

நாடகத்தில் ஒரு காட்சி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. மன்னர் விக்கைச் சிலுப்பினார்.

“இக்கணமே குழாயில் நீர் விட ஆணையிட்டோம்!”

செங்கமலம் அழுதேவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

“நான் எப்பம்மா சொன்னேன்?” என்றார் சுதர்சன் சார், வழுக்கையைத் தடவியபடி. “அது ராஜா சொன்னது.”

“அப்ப அந்த ராசாவப் பாக்கணுங்க.”

நியாயமான கோரிக்கை. பீரோவைத் திறந்து காட்டினேன். குடத்தின்மேல் படிய வாரிய முடியோடு மன்னர் வீற்றிருந்தார்.

“என் கொடத்தையாவது குடுத்துருங்க சார்.”

“எடுத்தா விக் கெட்டுப்போயிடும்மா.”

எங்கள் அலுவலகத்தின் இருபத்தைந்தாண்டு வரலாற்றில், ஒரு மனுவுக்கு உடனே உத்தரவு போட்ட தலை அது ஒன்றுதான். அந்த முடிக்கு அடியில் இருப்பது செங்கமலத்தின் காலிக்குடம்.