புகைக்குக் கத்தும் டப்பா

“அழுத்துங்க,” என்றார் அதிகாரி கோபால்சாமி.

வேடியப்பன் ஒட்டடைக் கொம்பை உயர்த்தி, கூரை உச்சியில் ஒட்டியிருந்த வெள்ளை வட்டத்தின் நடுவே ஒரு குத்துக் குத்தினான். டொக்கென்றது.

“கேட்டுதுங்களா சார்?”

“அது கொம்போட சத்தம்யா. அலாரம்னா ஊரையே கூட்டணும்.”

வேடியப்பன் கொம்பைக் கீழே இறக்கினான். ஜவ்வாதுமலைக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் தங்குவதற்கென்று வீட்டை ஒட்டி இந்த அறையைக் கட்டியிருந்தான். நாளைக் காலையில் பெங்களூரிலிருந்து முதல் விருந்தாளிகள் வருகிறார்கள். கோபால்சாமி இன்று கையெழுத்துப் போட்டால்தான் அவர்களுக்கு அறை. போளூர் மச்சானிடம் வேறு ‘நான் இப்ப ஓனரு’ என்று அளந்து வைத்திருந்தான். ஓனர் ஆன நாளிலிருந்து மேட்டுக்கொல்லைப் பக்கமே அவன் தலைகாட்டுவதில்லை, பயிர்க் காவல் எல்லாம் பெண்டாட்டி பாடு.

அறையில் புகை அலாரம் இருக்க வேண்டுமாம், சட்டம். கட்டிய வேட்டியே விறகுப்புகை மணக்கிற மலையில் இது எதற்கு என்று சட்டத்தை யார் கேட்பது? அவனும் வாங்கி மாட்டிவிட்டான்.

“இது பொகைக்குத்தான் கத்தும் சார். மாட்டின அன்னிக்கு, பக்கத்துல அடுப்பு பத்தவெச்சதுக்கே உயிர வாங்கிடுச்சு.”

“இன்னாங்க, அது வந்து...” என்று வாசலில் நின்ற அவன் மனைவி செல்லியம்மாள் ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு. ஆபீசரு பேசிக்கினு இருக்காரு இல்ல? போய் ஊதுவத்தி எடுத்தா.”

ஊதுவத்தி வந்தது. முதலில் ஒன்று, அப்புறம் கட்டு முழுவதும். அறை கோயில் மாதிரி மணத்தது. அலாரமும் சாமி மாதிரியே வாயைத் திறக்கவில்லை.

“மலைக்காத்து சார், பொகைய இழுத்துக்கினு போய்டுது,” என்று ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போட்டான். கோபால்சாமிக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம்.

“சின்னப் பொகைய மதிக்காதுங்க.”

சொல்லிவிட்டு ஈர வைக்கோலை இரும்புச் சட்டியில் திணித்துக் கொளுத்தினான். அதே வேகத்தில் ஒரு கை காய்ந்த மிளகாயும் விழுந்தது.

எழும்பியது பாருங்கள் புகை, அதிகாரி எந்த மூலை, கதவு எந்த மூலை என்று தெரியவில்லை. “போதும்யா, கொன்னுடாத,” என்று குரல் மட்டும் வந்தது.

“ஏங்க, நான் சொல்றத...” என்று செல்லியம்மாள் வெளியிலிருந்து கத்தினாள்.

“சும்மா இருன்னு சொன்னன் இல்ல?”

அலாரம் செய்யாத வேலையை ஜன்னல் இடுக்கில் கசிந்த புகை செய்தது. வேடியப்பன் வூடு பத்திக்கிச்சு என்று ஊரே குடமும் குண்டானுமாக ஓடி வந்தது. கதவைத் திறந்ததும் கண்ணில் பட்ட முதல் உருவத்தின் மேல் அத்தனை தண்ணீரையும் கொட்டினார்கள். அது கோபால்சாமி.

வெளியே கல்லின் மேல் அவர் சொட்டச் சொட்ட உட்கார்ந்தார். வேடியப்பன் தன் துண்டால் அவர் தலையைத் துவட்டினான். கண்ணீர் புகையால் வந்ததா, பயத்தால் வந்ததா, அவனுக்கே தெரியவில்லை.

“நாளைக்கு ஆளுங்க வர்றாங்க சார். நீங்க கையெழுத்து போடலன்னா ஊருல தலை காட்ட முடியாதுங்க.”

கோபால்சாமி சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். இருமினார். மலையை விட்டு இறங்கினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

“பொகை வந்தா ஆள் வரணும், அதானே ரூலு. வந்துட்டாங்க. அலாரம் நல்லா வேலை செய்யுதுன்னே எழுதிடறேன்.”

வேடியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் நனையாத தாளாகத் தேடி எடுத்து, பேனாவைத் திறந்தார்.

பக்கத்து வீட்டு முத்தம்மா காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு செல்லியம்மாளிடம் கேட்டாள்: “ஏண்டி செல்லி, அலாரத்தத்தான் காட்டுப்பன்னி தொரத்த மேட்டுக்கொல்லையில வறட்டிப் பொகைக்கு மேல கட்டிட்டியே, அது ராவெல்லாம் நல்லாத்தானே கத்துது, அப்புறம் எதுக்கு அது எடத்துல நீ ஒட்டிவெச்ச மாவு டப்பா மூடிக்கு இவ்ளோ பொகை போட்டீங்க?”