வாயில் வைக்காமல் துப்பாதவர்

பசுந்தேயிலை விலை விழுந்த ஆண்டு. மார்ச்: குன்னூரில் எங்கள் தெருவுக்குக் கீழிருந்த தேயிலைத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஏப்ரல்: அதைத் திரைப்படக் குழு ஒன்று வாடகைக்கு எடுத்தது. மே: வேலையிழந்த தொழிலாளர்கள் துணை நடிகர்களாகச் சேர்க்கப்பட்டனர்.

நீலகிரி கண்ட இலக்கியப் பகைவர்களுள் மிக நேர்மையானவர் துப்பலார். அந்தத் தொழிற்சாலையில் தேநீரைச் சுவைத்துத் தரம் சொல்பவர்; நாள் முழுவதும் உறிஞ்சித் துப்புவதே உத்தியோகம் என்பதால் அப்பெயர். கல்யாணப் பந்தியில் பாயசத்தை உறிஞ்சிவிட்டுத் துப்ப இடம் தேடியவர்.

படம், பாதித் தமிழகம் கொண்டாடி மீதி தூற்றிய ஓர் எழுத்தாளரின் வாழ்க்கை. அவரை நான் கல்லூரியில் பாடமாக நடத்தினேன். துப்பலார் தெருவில் திட்டினார். மாலை நடையில் இருவருக்கும் அதே வாதம். படத்தின் ஒரு காட்சியில், தோட்டத்தொழிலாளரைக் கோழைகள் என்று நாவலில் எழுதியதற்காகக் கூட்டம் எழுத்தாளர்மேல் செருப்பு வீச வேண்டும். காட்சி சரியாக வந்தால் மழைக்காலம்வரை படப்பிடிப்பு இங்கேயே. இல்லையேல் கேரளத்துக்குப் போய்விடுவார்கள். அத்தனை வீட்டு அடுப்பும் அதை நம்பியிருந்தது.

செருப்புகள் சோம்பலாகப் பறந்தன. "கோவமே இல்லையே" என்றார் இயக்குநர்.

கூட்டத்தில் நின்ற துப்பலார் கை தூக்கினார். "ஏனுங்க, இவங்க யாரும் அந்தப் பொஸ்தகத்தப் படிக்கலீங்க. எப்பிடிக் கோவம் வரும்?"

"நடிச்சாப் போதும் பெரியவரே."

"அந்தாளு எழுத்த நானுந் துப்பறவன்தானுங்க. ஆனா வாயில வெக்காமத் துப்புனதில்ல."

இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். துப்பலார் பையிலிருந்த நாவலை எடுத்து, கொழுந்து வாட்டும் மாடியில் அனைவரையும் அமர்த்தி உரக்கப் படித்தார். கோழை என்ற இடத்தில் முறைத்தார்கள். மேஸ்திரியைப் பற்றிய பக்கத்தில் உருண்டு சிரித்தார்கள். கொழுந்து பறிக்கும் ராசம்மா சொன்னாள்: "எங்கம்மாவத்தான் திட்டறான் அண்ணே. ஆனா அச்சு அசலா எங்கம்மாவேதான்."

மீண்டும் காட்சி தொடங்கியது. பாதிப் பேர் மெய்யாகவே எறிந்தார்கள். மீதிப் பேர் அவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். ராசம்மா ஒரு செருப்பை வீசிவிட்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி எழுத்தாளராக நடித்தவர்முன் போய் நின்றாள். "எங்கம்மா கதைய ஏஞ்சாமி பாதியில உட்ட?" நடிகர் வசனம் மறந்து விழித்தார். இயக்குநர் 'கட்' சொல்லவும் மறந்தார்.

படக்குழு மழைக்காலம்வரை தங்கியது. படம் வந்தபோது, அந்தக் காட்சிக்கு எங்கள் தெரு முழுவதும் திரையரங்கில் எழுந்து நின்று கைதட்டியது. துப்பலார் மட்டும் உட்கார்ந்தபடி, "சுமாருங்க" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

சென்ற மாதம் அவர் காலமானார். எனக்கு எஞ்சியிருக்கும் வேலைகள்: நாவலின் கடைசி அத்தியாயம் குறித்த எங்கள் வாதத்தை முடிப்பது. அவர் கேட்டிருந்த மறுபதிப்பை வாங்குவது. மாலை நடைக்கு, அவர் வீட்டைக் கடக்காத வேறொரு வழி கண்டுபிடிப்பது.