காரணியாரும் நாற்பத்தொன்றாம் குழாயும்

அடுப்பில் ஒரு ஆணியைச் சிவக்கக் காய்ச்சி, குறட்டால் பிடித்து, மனைவியின் செருப்பு வாரில் காரணியார் துளை போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் அது மூன்றாவது துளை. கைவேலையில் அவர் கெட்டிக்காரர். துளை ஓரம் பிசிறில்லாமல் வட்டமாக வந்தது. முப்பத்துமூன்று வாரக் கர்ப்பிணியான மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, பூசணிப் பிஞ்சுகளைப் போல உப்பிக் கிடந்த தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு மேல துளை போட வார்ல இடமில்லைங்க" என்றாள்.

"அடுத்த அளவு வாங்கிடலாம்" என்றார் அவர்.

வாசகரே, இவர்தான் நாம் பார்க்க வந்த ஆள். ஒற்றைக் காரண இனம். உலகத்தில் எது நடந்தாலும் இந்த இனத்துக்குக் காரணம் ஒன்றுதான். சிலருக்கு அது வாயு, சிலருக்குக் கிரகம், சிலருக்கு மருமகள். நம்மவர் படித்தவர், பட்டங்களை வரிசையாகச் சொன்னால் நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டும். ஆகவே அவருடைய காரணமும் படித்த காரணம். ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி. அதையே சொல்லிச் சொல்லித்தான் அவருக்கு இந்தப் பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

அந்தக் காரணி என்ன செய்யும்? உடம்பில் எங்கே ரத்தம் போதவில்லையோ அங்கே, "இந்தப் பக்கம் ஒரு குழாய் இழு" என்று ஆள் விடும். நல்ல பொருள்தான். ஆனால் புற்றுக்கட்டி அதைக் கள்ளத்தனமாய்க் கூப்பிட்டுத் தனக்குக் குழாய் இழுத்துக்கொள்ளும். சர்க்கரை வியாதிக்காரரின் கண்ணுக்குள்ளே அது வேண்டாத இடத்தில் குழாய் முளைக்க வைத்துப் பார்வையைக் கெடுக்கும். பிள்ளைத்தாய்ச்சியிடமோ கதை தலைகீழ், நஞ்சுக்கொடி கோணிக்கொண்டால் அது ஒரு தடுப்பானை அவிழ்த்துவிட, அந்தத் தடுப்பான் காரணியைப் பிடித்துக் கட்டிப்போட, தாயின் ரத்தக்குழாய்கள் எல்லாம் இறுகி, ரத்த அழுத்தம் ஏறி, கவனிக்காமல் விட்டால் வலிப்பு வந்து, தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்ந்தே ஆபத்து. தடுப்பானைக் காரணியால் வகுத்தால் ஒரு எண் வரும். எண் சின்னதாக இருந்தால் நிம்மதி. பெரிதானால் ஓட வேண்டும். காரணியார் பதினொரு வருடமாக அந்த எண்ணைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறார்.

துரத்தட்டும். யார் வேண்டாம் என்றது? ஆனால் மனிதர் அதை ஆராய்ச்சிக்கூடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வர மாட்டார். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தால், வழுக்கைக்கும் அந்தக் காரணியே பதில் சொல்ல வேண்டும் என்று முடிதிருத்துபவரிடம் நாற்பது நிமிடம் பேசுவார். அவர் பேச்சைக் கேட்டபடி வெட்டியதில் ஒரு பக்கக் கிருதா மேலே போய்விடும். தெருவில் தண்ணீர்க் குழாய் வெடித்தால், பள்ளம் தோண்டுகிறவர்களைச் சுற்றி நின்று, "அடிப்படையில பாத்தா, உடம்புலயும் இதேதான்" என்று ஆரம்பிப்பார். அவர்கள் மண்வெட்டியை அவர் காலுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே பலமாகப் போடுவார்கள். 'அடிப்படையில பாத்தா' என்பது அவருடைய கொடி. அது ஏறிவிட்டால் அரை மணி நேரத்துக்கு இறங்காது.

மனைவி கணக்கு டீச்சர். நாற்பத்தைந்து நிமிடத்தில் எதையும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று பழகியவள். "தலை ரொம்ப வலிக்குதுங்க" என்று அவள் மூன்று சொல்லில் முடித்ததற்கு அவர் அன்று சொன்ன பதிலில் கண்ணாடியின் பவர், பரீட்சைத்தாள் திருத்தும் விளக்கு, வெயில், தூக்கம் நான்கும் வந்தன; காரணி மட்டும் வரவில்லை. மறுநாளும் வலித்தது. அதற்கு மறுநாளும். மருத்துவமனையில் மாதப் பரிசோதனைக்குப் போகும் நாள் வந்தபோது, "அடுத்த வாரம் போலாம். வீட்டுலயே நிபுணர் இருக்கேன், அங்க போய் ரெண்டு மணி நேரம் பெஞ்சைத் தேய்க்கணுமா?" என்றார். அவளும் நம்பினாள். நிபுணரைக் கட்டிக்கொண்டவள் வேறு என்ன செய்வாள்?

இப்போது ஆராய்ச்சிக்கு வருவோம். நூற்றிருபது கர்ப்பிணிகளின் ரத்தம் வேண்டியிருந்தது. பாதி நோயுள்ளவர்கள், பாதி ஆரோக்கியமானவர்கள். நோயுள்ளவர்கள் கிடைத்துவிட்டார்கள். ஆரோக்கியமானவர்களுக்குத்தான் ஊசி என்றால் பயம். எண்ணிக்கை குறைந்ததால் காரணியார் தன் மனைவியையே அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். சேர்த்த அன்று அவள் ஆரோக்கியமாகத்தான் இருந்தாள், அழுத்தம் பார்த்துத்தான் சேர்த்தார்கள். மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். எல்லாக் குழாயிலும் எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற நோட்டு, ரத்தம் எடுக்கும் அம்மாவின் பூட்டிய அலமாரியில். காரணியார் அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மனசு ஒருபக்கம் சாய்ந்துவிடுமாம். சட்டம் நல்ல சட்டம்தான். காரணியார் கையில் கிடைத்தால் சுத்தியலும் கெட்ட பேர் வாங்கும்.

ரத்தம் எடுக்கும் அம்மாவை எல்லோரும் ஊசி அக்கா என்பார்கள். முப்பத்தோரு வருடம் நரம்பு தேடிய விரல்கள். அவர் குத்தினால் குழந்தைகள்கூட, "அவ்வளவுதானா?" என்று கேட்கும்.

செருப்புக்குத் துளை போட்ட மறுநாள் மதியம் காரணியார் முடிவுத்தாளை மேசையில் விரித்து, சிவப்புப் பென்சிலால் ஒரு வரியை அடித்தார்.

"அக்கா, நாப்பத்தொண்ணாம் குழாய் கெட்டுப்போச்சு. எண் எங்கயோ போகுது. எடுக்கும்போதே ரத்த அணு உடைஞ்சிருக்கும். தூக்கிடலாம்."

"என் கையில எடுத்த ரத்தம் உடையாது சார்."

"உங்களைக் குத்தம் சொல்லலக்கா. இயற்கை."

"இயற்கையா ஊசி புடிச்சுது? நான்ல புடிச்சேன். மறுபடி ஓட்டிப் பாருங்க."

"ஓட்டிட்டேன். அதே எண்தான் வருது. மெஷினும் சரியில்லன்னு நினைக்கிறேன்."

"மத்த நூத்திப்பத்தொம்பதுக்கும் மெஷின் நல்லா இருந்துச்சா?"

காரணியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடிப்படையில பாத்தா, இது ஆரோக்கியமானவங்க பட்டியல்ல இருக்கிற குழாய். ஆரோக்கியமானவங்களுக்கு இந்த எண் வராது. வந்திருக்குன்னா குழாய்தான் கெட்டிருக்கணும்."

இந்தத் தர்க்கத்தைக் கொஞ்சம் நின்று ரசியுங்கள். குழாய் கெட்டது, கை கெட்டது, மெஷின் கெட்டது. கெடாமல் இருந்தது அவருடைய பட்டியல் ஒன்றுதான். பட்டியலில் ஆரோக்கியம் என்று எழுதியாகிவிட்டது, இனி அந்தப் பெண் எப்படி நோயாளி ஆகலாம்? அனுமதி வாங்கினாளா?

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுடவா?" என்றார் ஊசி அக்கா.

"கூடாதுக்கா. பாதியில நோட்டைத் திறந்தா ஆராய்ச்சி கெட்டுடும்."

"திறக்கலன்னா பொண்ணு கெட்டுடுவாளே."

காரணியார் பதில் தயாரிப்பதற்குள் ஊசி அக்கா இடுப்புச் சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, நோட்டைப் புரட்டி, நாற்பத்தொன்றில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

"யாருன்னு எங்கிட்ட சொல்லாதீங்க" என்றார் காரணியார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு. நேர்மையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"சொல்லல. மேடம் எப்படி இருக்காங்க சார்?"

"யாரு, என் வீட்டுலயா? நல்லா இருக்கா."

"நல்லான்னா?"

"நல்லான்னா நல்லாத்தான். என்ன, தலைவலி அஞ்சு நாளா. கால் வீக்கம். நேத்து ராத்திரிலேர்ந்து கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதாம்."

சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். தலைவலி, வீக்கம், கண்ணில் பூச்சி. எங்கேயோ கேட்ட வரிசை. எங்கேயோ என்ன, அவருடைய பேச்சின் ஏழாம் படம். ஊர் ஊராகப் போய்ப் பெரிய திரையில் போட்டு, நீளக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டி, "இந்த மூணும் சேர்ந்து வந்தா ஒரு மணி நேரம்கூட வீட்டுல வெச்சுக்காதீங்க" என்று நூறு கூட்டத்தில் சொன்னவர். கேட்டவர்கள் எல்லாம் குறித்துக்கொண்டார்கள். சொன்னவர்தான் குறித்துக்கொள்ளவில்லை.

"நாப்பத்தொண்ணு..." என்றார்.

"ஆமா சார். பென்சிலை வெச்சிட்டு வண்டிச் சாவியை எடுங்க."

வீட்டில் மனைவி கட்டிலில் சாய்ந்து, நெற்றியில் ஈரத்துணி போட்டிருந்தாள். இருவரும் மூச்சிரைக்க வந்து நின்றதைப் பார்த்து, "என்ன, ஜோடியா வந்திருக்கீங்க? எடுத்த ரத்தம் பத்தலையா?" என்றாள். குரல் கேலிக்கு ஆசைப்பட்டது; உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஊசி அக்கா அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நூற்றெழுபத்தாறு. கீழே நூற்றுப் பன்னிரண்டு. காரணியார் வாயைத் திறந்தார்.

"சார், எதுவும் பேச வேணாம். வெளிய போய் லிப்ட் கதவைப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க."

போய் நின்றார். அவர் வாழ்க்கையில் ஆராய்ச்சி எதற்கும் சம்பந்தமில்லாமல் செய்த முதல் உபயோகமான காரியம் அது. கதவு இரண்டு முறை அவர் தோளில் இடித்தது, விடவில்லை. அதன் காரணத்தை ஒருவருக்கும் விளக்கவும் இல்லை.

மருத்துவமனையில் வலிப்பு வராமல் இருக்க மருந்து ஏற்றினார்கள், அழுத்தத்தை இறக்கப் பார்த்தார்கள், இதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று சாயங்காலமே வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அழுதாள், அதுவே பெரிய செய்தி. கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சூடு காட்டினார்கள். "இன்னும் அரை நாள் கழிச்சு வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். காரணியாருக்கு என்ன ஆகியிருக்கும் என்று சதவிகிதக் கணக்கோடு தெரியும். அது தெரிந்திருந்ததுதான் அன்றைக்கு அவருக்குத் தண்டனை. தெரியாத மனுஷன் கொஞ்சம் அழுதுவிட்டாவது தூங்கியிருப்பான்.

இதற்குள் உங்களுக்கு ஒருவர் முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். மைத்துனரோ, மேலதிகாரியோ, மாடிவீட்டுக்காரரோ. "அச்சு அசல் அவரேதான்" என்று சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் அவரும் இதைப் படித்தால் யாரையோ நினைத்துச் சிரிப்பார். யாரை என்று கேட்டுவிடாதீர்கள், சகவாசம் கெட்டுப்போகும். இந்த இனத்துக்கு ஒரே அடையாளம்தான் உண்டு, கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. உங்கள் வீட்டில் ஒருவர் மூன்று சொல்லில் ஏதாவது சொல்லும்போது, அவர் இரண்டாவது சொல்லில் இருக்கையிலேயே உங்கள் பதில் தயாராகிவிடுகிறதா? சும்மா கேட்டேன்.

மறுநாள் காலை காரணியார் வார்டுக்குப் போனார். மனைவி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். கையில் குழாய், மூக்கில் குழாய்.

"தலை வலிக்குதா?" என்று கேட்டார்.

அவள் கண்ணைத் திறந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்குக் கேக்குறீங்க? பட்டியல்ல எழுதவா?"

"இல்ல. சும்மாத்தான்."

கணக்கு டீச்சர்களுக்கு மாணவனைக் காக்கவைக்கத் தெரியும். அவர் நாக்கு நுனியில் நான்கு விளக்கங்கள் வந்து முட்டிக்கொண்டு நின்றன, நான்கையும் விழுங்கினார்.

"கொஞ்சம் வலிக்குது" என்றாள்.

அவர் எழுந்து போய் நர்ஸிடம், "அவளுக்குத் தலை கொஞ்சம் வலிக்குதாம்" என்றார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. நர்ஸ், "வரேன், வழியை விடுங்க" என்றாள். வழியை விட்டார்.