வாசலில் மட்டும் நேராக நின்ற கார்

சமதளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தங்கள் அதிர்ஷ்டம் தெரிவதில்லை. அவர்கள் தரையில் ஒரு தக்காளியை வைத்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கும். கொல்லிமலையில் என் வாடகை வீட்டு வாசலில் வைத்தால் அது சோளக்காட்டுச் சந்தையை நோக்கித் தானே கிளம்பிவிடும். இதைக் கவனிக்காமல் போனதால்தான் ஒரு நல்ல வரன் என் காரின் பின்சீட்டில் வாந்தி எடுத்தது. (வரன் இல்லை, வரனின் அம்மா. அது இன்னும் மோசம்.)

நான் கால்நடை மருத்துவர். சொந்த ஊர் ராசிபுரம். மாற்றலாகி மலைக்கு வந்தவள். "மாட்டு டாக்டரா? அதுவும் மலை மேலயா?" என்று பல இடங்களில் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு கார்த்தியின் வரன் வந்தது. கரூரில் கணக்கு வாத்தியார். போனில் பேசினோம். ஒரு பசுவின் கஷ்டப் பிரசவத்தை நான் விலாவாரியாக விவரித்தேன். மனிதர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். இவரை விட்டால் எனக்கு வேறு ஆளில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருடைய அம்மாவுக்குப் பஸ்ஸில் மலையேறினால் குமட்டும் என்றார்கள். "அடிவாரத்துல காரவள்ளி வரைக்கும் வந்துருங்க, நான் கார்ல கூட்டிட்டு வாரேன்" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன்.

அந்தக் கார் சேலத்தில் ஒரு பந்தயப் பைத்தியத்திடம் வாங்கியது. அவன் அதில் காயிலோவர் மாட்டி, பின்பக்கத்தைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். காயிலோவர் என்பது ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்குமாக ஒரே துண்டாக இருக்கும். ஸ்பிரிங்குக்கு அடியில் மரை போட்ட வளையம் ஒன்று உண்டு. அதை மேலே ஏற்றினால் வண்டி உயரும், இறக்கினால் தாழும். பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் மலைரோட்டில் வண்டியின் வயிறு தேயும் என்பதால், சனிக்கிழமை வீட்டு வாசலில் வைத்து நானே உயர்த்த இறங்கினேன். மாட்டின் வயிற்றுக்குள் கையை விட்டுக் கன்றைத் திருப்பத் தெரிந்தவளுக்கு ஒரு வளையத்தைத் திருப்பத் தெரியாதா? (தெரியாது.)

வீடியோவைப் பாதி பார்த்தேன். ஜாக்கி போட்டு இரண்டு பக்கமும் திருகினேன். இரண்டும் சமமா என்று பார்க்க, குளுக்கோஸ் பாட்டில் ஒன்றை டிக்கியின் மேல் குறுக்காகப் படுக்க வைத்தேன். உள்ளே இருந்த காற்றுக் குமிழி வலப்பக்கம் ஓடியது. சரி, வலது பக்கம் உயரம் என்று அதை இறக்கினேன், இடதை ஏற்றினேன். மறுபடியும் ஓடியது. மறுபடியும் இறக்கினேன். சாயங்காலம் குமிழி நட்டநடுவில் வந்து நின்றபோது என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

மறுநாள் காரவள்ளிக்கு இறங்கும்போதே வண்டி ஒரு மாதிரியாகப் போனது. ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். கீழே பஸ் நிறுத்தத்தில் கார்த்தியும் அவருடைய பெற்றோரும் பழத்தட்டோடு நின்றார்கள். கால் நொண்டும் எருமை போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற காரைப் பார்த்து அவருடைய அப்பா கேட்டார்: "ஏனுங்க, வண்டி ஒருச்சாஞ்சு நிக்குதுங்களே?"

"ரோடு கோணலுங்க" என்றேன். மலையிலேயே இருந்து பழகியதால் எனக்குச் சமதளம்தான் கோணலாகத் தெரிந்தது.

முதல் வளைவிலேயே அவருடைய அம்மா வழுக்கிக்கொண்டு போய்க் கணவர்மீது சாய்ந்தார். "கல்யாணமாகி இத்தன வருசத்துல இவ இவ்வளவு நெருங்கி உக்காந்ததில்லீங்க" என்றார் அவர். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. இடப்பக்கம் திரும்பினால் வலது டயர் உரசி ரப்பர் தீய்ந்த நாற்றம், வலப்பக்கம் திரும்பினால் பின்னால் "டக்!". வளையத்தை அவ்வளவு இறக்கினால் ஷாக்கின் நீளத்தையும் அடியில் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடத்தைவிட்டு ஆடும். இது வீடியோவின் மறுபாதியில் இருந்தது.

"ஏங்கண்ணு, டிக்கியில ஆடு ஏதும் கட்டியிருக்குதா?" என்று கேட்ட அந்த அம்மாள், அடுத்த நொடி வாயைப் பொத்தினார்.

"கவர்! கவர்!" என்று கார்த்தி பதறினார். டாஷ்போர்டைத் திறந்து கைக்குக் கிடைத்த நீளமான பிளாஸ்டிக்கை உருவி அம்மாவிடம் நீட்டினார். நான் தடுப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

கொஞ்சம் தெளிந்ததும் அந்த அம்மாள் அதை உயர்த்திப் பார்த்தார். "இதென்ன கவருங்க, இத்தன நீளம்? வெரலெல்லாம் இருக்குது?"

"கையுறைங்கம்மா. புதுசுதான்."

"எதுக்குப் போடறது கண்ணு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஊரில் எவ்வளவோ பேர் சொல்கிறார்கள். "மாட்டுக்குச் சினை பாக்கறதுக்குங்க" என்றேன்.

இரண்டாவது கையுறையும் தேவைப்பட்டது.

ஒருவழியாக வீடு வந்தது. வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். எல்லோரும் இறங்கினார்கள். கார்த்தியின் அப்பா காரைச் சுற்றி வந்து, "இங்க மட்டும் நேரா நிக்குதேங்க!" என்று வியந்தார். டிக்கிக்குள் கிடந்த குளுக்கோஸ் பாட்டிலைக் காட்டி, எப்படிச் சரிபார்த்தேன் என்று நான் விளக்கினேன். கார்த்தி பழத்தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து வாசலில் வைத்தார். அது உருண்டது. ராசிபுரத்திலிருந்து முந்தின நாளே வந்து, வாசலில் கைகூப்பி நின்ற என் அப்பாவின் கால்களுக்கு நடுவே புகுந்து, சந்தைப் பக்கம் போய்விட்டது.

"தரை சாஞ்சிருக்குதுங்க. நீங்க அதுக்குத் தோதா வண்டியச் சாச்சுட்டீங்க" என்றார் கார்த்தி. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அந்த அம்மாள் கேசரியைத் தொடவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கீழ போறதுக்குப் பஸ்ஸு எப்பங்க?"

எந்தப் பஸ்ஸுக்குப் பயந்து என் காரில் ஏறினாரோ, அந்தப் பஸ்ஸிலேயே திரும்பினார். கார்த்தி ஜன்னல் வழியாகக் கையாட்டினார். அனுதாபத்துக்கு ஆட்டுகிறார் என்று நினைத்து நான் ஆட்டவில்லை. பிறகு காரைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓட்டிப்போய், வீடியோவை முழுதாகப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் சரிசெய்தேன். சரிசெய்து என்ன பயன்? கரூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்பா அடுத்த ஜாதகத்தை எடுத்துவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் ஒருநாள் போன் வந்தது. கார்த்தி இல்லை, அவருடைய அம்மா.

"ஏங்கண்ணு, அந்த நீளக் கவரு இன்னும் ரெண்டு கெடைக்குமா? பழனிக்குப் பஸ்ஸுல போறோம். எந்தக் கவருலயும் அது மாதிரி சிந்தாம நிக்கல." அதே மூச்சில், "நீயும் வந்தீன்னா கையோட தேதி பேசிரலாம்" என்றார்.

இப்போது கரூரில் இருக்கிறேன். நல்ல சமதளம். போன வாரம் கூடத்தில் மாமா எங்கள் கல்யாணப் படத்தை மாட்டினார். "படம் கோணலா இருக்குதுங்க மாமா" என்றேன். மாமாவும் கார்த்தியும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். அத்தை அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்:

"அதெல்லாஞ் சரி கண்ணு, நீ எங்க நின்னு பாத்த?"