அரச வாசலில் கழற்றிய செருப்பு

பெண் வீட்டார் பத்து மணிக்குக் கண்டி அரச மாளிகைக்குத் தற்செயலாக வருவதுபோல் வருவார்கள். இதுவே தரகரின் ஏற்பாடு. பொது இடத்தில் பார்த்துக்கொண்டால், பிடிக்காவிட்டாலும் எவருக்கும் தலைகுனிவில்லை. ஆனால், கடை நடத்தும் மகன் சதீஸுடன் முன்னதாகவே வந்துவிட்ட ஹேவாஹெட்ட ஊர் அழகையாவுக்கு வந்த காரியமே மறந்துபோயிற்று.

கனத்த சுவரையும் செதுக்கிய வாசலையும் அண்ணாந்து பார்த்தவரின் உள்ளம் ஒடுங்கிற்று. அரசர் நடந்த தரையைச் செருப்புக் காலால் மிதிப்பதா? கழற்றினார்.

"அப்பா, இது கோயில் இல்ல."

"பேசாம வாடா. ராசா வீட்டுக்குள்ள செருப்போட போறதுக்கு நாம என்ன வெள்ளைக்காரனா?"

பின்னால் வந்த வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் பன்னிருவரும் அதுவே விதியென்று எண்ணித் தத்தம் சப்பாத்துகளைக் கழற்றிக் குவித்தனர். வாசல் அடைபட்டது.

"யாருங்க இங்க கழட்டச் சொன்னது?" என்று சீருடையணிந்த காவற்பெண்மணி வந்தார்.

"நான்தான் மிஸ், தெரியாம... இப்பவே ஒதுக்கிடுறேன்."

ஒதுக்கியவர், பார்வைக்கு அழகாயிருக்கட்டுமென்று இடக்கால் ஒரு பக்கம், வலக்கால் ஒரு பக்கமாக அடுக்கினார். ஒன்றுகூடத் தன் சோடியோடு சேரவில்லை. சுற்றிப் பார்த்துத் திரும்பி வந்த பயணிகள் ஒற்றைக் காலில் நொண்டித் தேடினர். நேரமாகிவிட்ட அவசரத்தில் ஒரு வெள்ளைக்காரி அழகையாவின் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

எஞ்சியது ரோசாப்பூ வைத்த பெண்கள் செருப்பு. சம்பந்தி முன் வெறுங்காலுடன் நிற்பதா? அதையே மாட்டினார். குதிகால் பாதி வெளியே நின்றது.

சதீஸ் முகத்தை மூடிக்கொண்டான். மணி பத்தாயிற்று.

"மிஸ், சம்பந்தி வீட்டுக்காரங்க வாற நேரம். இந்தக் கோலத்தைப் பார்த்தா என் மவன் கல்யாணம் நின்னுரும். நான் அந்தத் தூணுக்குப் பின்னால நிக்கிறேன். காட்டிக் குடுத்துறாதீங்க."

"இவ்வளவு பயம் இருக்கவரு, எதுக்குங்க கழட்டினீங்க?"

அழகையா மீண்டும் அச்சுவரை அண்ணாந்து பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"கால் ஒத்துக்கலைங்க. எத்தனை ராசா நடந்த எடம்."

அப்பெண்மணி முதன்முறையாகச் சிரித்தார், கைகூப்பினார்.

"பொண்ணோட அம்மா நான்தாங்க. மாப்பிள்ளையை அவரு கடைக்கே போய்ப் பார்த்துட்டேன் ஐயா, இன்னைக்கு வரச் சொன்னதே சம்பந்தியைப் பார்க்கத்தான்."