அடுத்தது அண்ணையும் நயினாதீவுத் தையலக்காவும்

எங்கள் தீவுப்பகுதி முழுவதிலும் காதலைக் கரைத்துக் குடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். ஐம்பது வயது, கலியாணம் கட்டாதவர், ஆள் நின்றால் பின்னால் கடல் தெரியாது. புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையடியில், பஸ் வந்து திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில், நாலு தடியும் ஆறு தகரமுமாக அவருடைய பட்டறை இருந்தது. ஊருக்கு அவர் ‘அடுத்தது அண்ணை’. எஞ்சின் திருத்த வருகிறவனும் சரி, வள்ளத்துக்குக் காத்திருக்கிறவனும் சரி, அவரிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “அண்ணை, அடுத்தது என்ன?”

அடுத்து எந்தத் தொடரைப் பார்ப்பது என்றுதான் கேள்வி. அதுவும் கண்ட கண்ட தொடர் இல்லை. குதிரை வண்டி ஓடவேண்டும், மெழுகுதிரி எரியவேண்டும், நீளக் கவுண் தரையைக் கூட்டவேண்டும், ஒரு கடிதமாவது தவறிப்போகவேண்டும். எந்த நாட்டுத் தொடரென்றாலும் சரி, தமிழ்க் குரல் கொடுத்திருந்தால் போதும்.

“கரண்ட் வந்த பிறகு நடந்த காதலை நான் ஆருக்கும் சொல்லுறேல்லை, ரீச்சர்” என்றார் என்னிடம். “போன் இருந்தால் கதை ரெண்டு நிமிசத்திலை முடிஞ்சிடும். அந்தக் காலத்து ஆக்கள் கையுறை கழட்டவே மூண்டு பகுதி எடுப்பினம். அதெல்லோ காதல்!”

நான் அப்போது நயினாதீவில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தங்கியிருந்தது புங்குடுதீவில். காலையில் ஒரு வள்ளம், பிற்பகலில் ஒரு வள்ளம். ஆகவே நாளுக்கு இரண்டு தடவை அண்ணையின் பட்டறையைத் தாண்டவேண்டும். தாண்டுவது லேசில்லை. முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார்.

அவருடைய வைத்தியத்துக்கு ஒழுங்குகள் இருந்தன. ஒரு நாளைக்கு ஒரு பகுதி, சாப்பாட்டுக்குப் பிறகு. ஓட்டிப் பார்க்கக் கூடாது. அழுகை வந்தால் அடக்கக் கூடாது. இந்தக் கடைசி ஒழுங்கை அவரே முன்னின்று கடைப்பிடித்தார். தொடரில் எவளோ ஒரு பிரபுவின் மகள் மழைக்குள் நின்றால், இங்கே எஞ்சின் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைப்பார். அன்றைக்கு முழுவதும் இரண்டு கறுப்புக் கன்னங்களோடு வேலை நடக்கும்.

ஒருமுறை, மனைவியோடு இரண்டு மாதமாகக் கதைக்காமல் இருந்த, வள்ளமும் வலையும் வைத்திருந்த ஒரு சம்மாட்டியாருக்கு, எட்டாவது, கடைசிப் பகுதி வரைக்கும் கணவனும் மனைவியும் ஒரு வார்த்தை பேசாத தொடர் ஒன்றைக் கொடுத்தார். சம்மாட்டியார் ஆறாம் பகுதியில் நிற்கையில், வீட்டுக்காரி களவாக எட்டையும் பார்த்து முடித்துவிட்டார். முடிவை அறியாமல் சம்மாட்டியாருக்கு நித்திரையில்லை. “என்னவாம் கடைசியிலை?” என்று குசினி வாசலில் நின்று கேட்டதுதான், அந்த வீட்டில் இரண்டு மாதத்துக்குப் பிறகு பிறந்த முதல் பேச்சு. அடுத்த நாள் பட்டறைக்கு ஒரு பெரிய பாரை மீன் வந்தது.

என்னையும் அவர் விடவில்லை. அந்த வருடம் எனக்கு வந்த ஒரு கலியாணப் பேச்சு, மோதிரம் வரைக்கும் போய்க் குழம்பிப்போயிருந்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை. அண்ணை ஒரு காலை பென்ட்ரைவ் ஒன்றை நீட்டினார்.

“இதிலை கடைசிவரைக்கும் ஒருத்தனும் வரமாட்டான், ரீச்சர். ஆனா அவ நல்லாயிருப்பா. பயப்பிடாமல் பாருங்கோ.”

பார்த்தேன். தகப்பன் விட்டுப்போன பண்ணையைத் தனியாளாக நடத்துகிற ஒருத்தியின் கதை. பத்துப் பகுதியும் அழுதேன். பதினோராம் நாள் காலை, பல மாதங்களுக்குப் பிறகு, வள்ளத்தில் முன்னுக்கு ஏறி இருந்து காற்று வாங்கினேன். துறையில் நின்ற அண்ணை அதைக் கண்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

இப்படி ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவருக்கே ஒரு நோய் இருந்தது.

நயினாதீவில் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு தையல்காரி இருந்தார். தம்பி, தங்கைமாரைப் படிப்பித்து, கட்டிக்கொடுத்து, கனடாவுக்கும் அனுப்பிவிட்டு, தான் தனியே தங்கிவிட்டவர். நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடச் சீருடை முதல் கலியாணக் கூறைக்குப் பிளவுஸ் வரை எல்லாம் அவர் கையால்தான். தையலக்கா என்பார்கள். ஒருநாள் நான் பிளவுஸ் அளவு கொடுத்தபோது கேட்டார்: “பிள்ளை, அங்காலை ஒருத்தர் நாடகம் குடுக்கிறவராமே. எனக்கும் ஒண்டு கேட்டுக்கொண்டு வாரும். தைக்கேக்கை பொழுது போகும்.”

நான் போய்ச் சொன்னபோது அண்ணையின் கையில் இருந்த, நட்டுத் திருகுகிற சாவி கடலுக்குள் விழுந்தது. சும்மா விழவில்லை, துள்ளி விழுந்தது.

“ஆர், தையல்... அவவோ?” என்றார். “அவவே கேட்டவவோ?”

மூன்று நாள் யோசித்தார். ஊருக்கு மூன்று நிமிடத்தில் மருந்து சொல்கிற மனிதர். நாலாம் நாள், சவர்க்காரம் போட்டுக் கழுவிய கையால் ஒரு பென்ட்ரைவைத் தந்தார். புதிசு. தாளில் சுற்றி, நூலால் கட்டியிருந்தது.

அதன் பிறகு இரண்டு வருடம் நான்தான் இரண்டு தீவுக்கும் இடையில் தபால். அங்கேயிருந்து வந்த பதில்கள்தான் பெரும்பாடு.

“கதையைப் பற்றி என்ன சொன்னவ, ரீச்சர்?”

“மூத்த மகளின்ரை கவுணுக்குக் கை வெட்டினது பிழையாம், அண்ணை. கக்கத்துக்குள்ளை இழுக்குதாம்.”

“அவன் வெளிக்கிட்டுப் போற இடம்? அவ ஜன்னலடியிலை நிண்டு பாக்கிறது?”

“அதையும் பார்த்தவவாம். ஜன்னல் சீலைக்கு நல்ல பட்டாம்.”

அண்ணை பெருமூச்சு விட்டார். ஆனால் விடுகிற ஆள் இல்லை. அடுத்த மாதமே உடுப்பைப் பார்த்துத் தொடர் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார். கொசுவம், சுருக்கு, கழுத்துப்பட்டி என்றெல்லாம் என்னிடம் கேட்டுப் படித்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து, “ரீச்சர், இந்தப் பிரபுவின்ரை கோட்டுக்கு உள்சீலை போட்டிருக்குமோ?” என்று அவர் கேட்கும்போது, எஞ்சினின் சொந்தக்காரன் என்னைப் பார்ப்பான், நான் கடலைப் பார்ப்பேன்.

அங்காலும் ஏதோ மாறியது. ஒருநாள் தையலக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “அந்தக் காலத்துக் கப்பல் எஞ்சினில்லாமல் எப்பிடிப் போகுமெண்டு அவரைக் கேட்டுப் பாரும்” என்றார். அண்ணை இரண்டு பக்கத்துக்குப் படம் கீறி விளக்கம் எழுதினார். அந்தத் தாள் தையல் மெசின் லாச்சிக்குள் பத்திரமாக இருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

ஆனால் நேரில்? தையலக்கா ஏதும் அலுவலாக யாழ்ப்பாணம் போக வள்ளத்தில் வந்து இறங்கினால், அண்ணை எஞ்சினுக்குள் தலையை விட்டுவிடுவார். பஸ் வெளிக்கிட்ட பிறகுதான் தலை வெளியே வரும்.

ஒருமுறை தையலக்கா என்னிடம் கொஞ்சம் சூடாகவே சொன்னார்: “பிள்ளை, இதிலை வாற ஆம்பிளையளுக்கு வாய் இல்லையோ? பதினாறு பகுதியா ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமல் நிக்கினம்.”

இதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணை தலையைச் சொறிந்தார். “அப்ப பகுதி கூடிப்போச்சுப் போலை. அடுத்தது ஆறு பகுதியிலை முடியிறதாப் பாப்பம்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அன்று வள்ளத்தை விட்டுவிட்டு நீந்தியே போயிருப்பேன்.

பிறகு கனடாத் தம்பி போட்ட விண்ணப்பம் சரிவந்து, தையலக்காவுக்கு விசா கிடைத்தது. மெசினை விற்கவில்லை, சீலை போட்டு மூடிவைத்தார். நான் போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒரு ஆணியையே திருகிக்கொண்டு நின்றார். பிறகு, “அங்கை குளிராமெல்லோ. வீட்டுக்குள்ளைதான் இருப்பினம். நிறையத் தொடர் தேவைப்படும்” என்றார். ஒரு கிழமை, ஏழு நாளும் இருந்து பெரிய பென்ட்ரைவ் ஒன்றை நிரப்பினார்.

தையலக்கா புறப்பட்ட காலை நான் மறுகரைக்குப் போகத் துறையில் நின்றேன். இரண்டு சூட்கேசோடு வந்து இறங்கினார். விமான நிலையம் போகிற வான் காத்து நின்றது. அண்ணை வழமைபோல் எஞ்சினுக்குள் தலையை விடப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஒரு ஆசிரியை செய்கிற வேலை இல்லைத்தான்.

அவர் போய் பென்ட்ரைவை நீட்டினார்.

“எத்தினை இருக்கு?” என்றார் தையலக்கா.

“பதினெட்டுத் தொடர்.”

“பாத்து முடிக்க?”

“ஒரு நாளைக்கு ஒரு பகுதியெண்டால்... ஒரு வருசம் போகும்.”

“ஒரு வருசம் நான் தனிய இருந்து உதைப் பாக்கோணுமோ?”

துறையடியே அசையாமல் நின்றது. கச்சான் கடலை விற்கிற ஆள் விற்பதை விட்டார். அண்ணையின் நெற்றியில் வியர்வை. வாயைத் திறந்தார். உள்ளே பல வருடமாகச் சேர்ந்திருந்த தமிழ்க் குரல் எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

“சீமாட்டி அவர்களே! தாங்கள் அகன்று சென்றால், அடியேனின் இதயமாளிகையில் விளக்குகள்...”

“எனக்கு விளங்கிற தமிழிலை சொல்லுங்கோ.”

அண்ணை நிலத்தைப் பார்த்தார்.

“போகாதையுங்கோ.”

தையலக்காவின் கண் நிறைந்தது. “இதைச் சொல்ல ரெண்டு வருசமோ? டிக்கெற் போட்டாச்சு. தம்பி பார்த்துக்கொண்டு நிப்பான். போட்டு வாறன்” என்றார். பென்ட்ரைவை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார். வான் போய்விட்டது.

‘போட்டு வாறன்’, போய்விட்டு வருகிறேன், என்று எங்கள் ஆட்கள் எல்லோரும்தான் சொல்லுவார்கள். அப்படிச் சொல்லிப் போன பாதிப் புங்குடுதீவு இன்னும் வரவில்லை. அது அண்ணைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவர் ஒருவருக்கும் ஒரு தொடரும் சொல்லவில்லை. கேட்டால், “எனக்கு ஒண்டும் தெரியாது, ராசா” என்பார். அவர் பூட்டிக்கொடுத்த ஒரு எஞ்சின், முன்னுக்குப் போகச் சொன்னால் பின்னுக்குப் போனது. அதன் சொந்தக்காரர் சண்டைக்கு வந்தவர், அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் வள்ளத்தில் நான் வந்து இறங்குகிறேன், யாழ்ப்பாண பஸ்ஸிலிருந்து தையலக்கா இறங்குகிறார். போனது இரண்டு சூட்கேஸ், வந்தது ஒன்று. நேரே பட்டறைக்குப் போனார். அண்ணை நிமிர்ந்த வேகத்தில் தலை தகரத்தில் அடிபட்டது.

“தம்பி இருக்கச் சொன்னவன்” என்றார் தையலக்கா. “ஆறு மாசமும் சொன்னவன்.”

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“நான் வந்து நிக்கிறன்தானே.”

அண்ணை அங்கிருந்த ஒரே கதிரையை அவசரமாகத் துடைத்துக் கொடுத்தார். துடைத்தது கிறீஸ் துணியால். கனடாச் சேலையின் பின்பக்கம் ஒரு தீவின் வரைபடம் போல் கறுத்துப்போனது. அதைத் திரும்பிப் பார்த்துத் தையலக்கா சிரித்த சிரிப்பு, வள்ளத்தின் எஞ்சின் சத்தத்துக்கும் மேலால் கேட்டது.

அண்ணை கிறிஸ்தவர், தையலக்கா சைவம். தேவாலயமா கோயிலா என்று இரண்டு பக்கத்துச் சொந்தக்காரரும் முறுகிக்கொண்டிருக்கையில், இருவரும் வேலணையில் கலியாணப் பதிவு எழுதப் போனார்கள். சாட்சிக் கையெழுத்து நான். சித்திரை வெயில். அண்ணை கழுத்துவரை பொத்தான் பூட்டிய, வால் வைத்த, கறுத்த கம்பளிக் கோட்டில் நின்றார். வியர்வை தண்ணியாக ஊற்றியது.

“அண்ணை, இந்த வெயிலுக்கு உதேன்?” என்று மெல்லக் கேட்டேன்.

“அவ அங்கையிருந்து தைச்சுக் கொண்டந்தது, ரீச்சர்” என்றார். “அளவு கேக்கவேயில்லை. பாருங்கோ, கக்கத்துக்குள்ளை கூட இழுக்கேல்லை.”

பதிவுப் புத்தகத்தில்தான் அவருடைய உண்மையான பெயரை முதல் தடவையாகப் பார்த்தேன். நல்ல பெயர். ஆனால் அவருக்குப் பொருந்தவில்லை. ஆகவே இங்கே எழுதவில்லை.

அடுத்த வருடம் எனக்கு வன்னிக்கு இடமாற்றம் வந்தது. இப்போது நான் இருக்கிற ஊரில் கடலும் இல்லை, வள்ளமும் இல்லை. நீங்கள் யாராவது நயினாதீவுக் கோயிலுக்குப் போகிறவர்களாக இருந்தால், வள்ளம் ஏற முதல் அந்தத் தகரக் கொட்டிலுக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ரீச்சர் சுகமாக இருக்கிறா, நல்லாச் சாப்பிடுகிறா என்று சொல்லிவிடுங்கள். அவர் ஒருவர்தான் நான் சொல்லாமலே கவலைப்பட்டவர்.