வெங்கடேசப்பா கொடுத்த கடைசி லீவு

எந்த வேலையையும் தேவைக்கு மேல் அழகாகச் செய்கிறவர்களை நம்பக் கூடாது. நான் அந்த ரகம்.

ஓசூரில் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. லீவு கேட்பதையெல்லாம் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் இயங்கும் முறைக்கு, மாற்றச் சொன்னார்கள். தொழிலாளி போனில் கேட்பார். அது மேலாளர் வெங்கடேசப்பாவுக்குப் போகும். அவர் சம்மதித்தால் பதில் வரும். அவருக்கோ பட்டனைத் தொடுவதே பிடிக்காது.

"நீயே எம்பேர்ல போட்டுடு சாமி" என்றார்.

தானாகப் பதில் போகும்படி செய்தேன். சும்மா செய்யவில்லை. இயந்திரம் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் அவர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை, அவருடைய சிரித்த படம், யோசித்துப் பதில் போடுவதுபோல் ஒரு தாமதம் எல்லாம் சேர்த்தேன். (பெரிய மேதை!)

ஒருநாள் விடியற்காலையில் வெங்கடேசப்பா மாரடைப்பில் போய்விட்டார். பாகலூரில் அவர் வீட்டு வாசலில் எங்கள் ஷிப்டே நின்றது. சாவு வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாதல்லவா? மாலை போட்டவர்கள் வாய் திறக்காமல் நழுவத் தொடங்கினார்கள்.

அப்போது என்னைச் சுற்றி நின்ற எல்லோருடைய சட்டைப் பையிலும் போன் ஒரே நேரத்தில் சிணுங்கியது.

ஐஸ் பெட்டிக்குள் வெங்கடேசப்பா படுத்திருந்தார். போனுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, "போயிட்டு வாப்பா. நான் பாத்துக்கறேன்."

"அய்யோ தேவ்ரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு ஒருவர் அலறிப் போனைக் கீழே போட்டார். துக்கத்துக்கு வருவதற்காகக் காலையில் எல்லோரும் ஒன்றாக லீவு கேட்டிருக்கிறார்கள்; நான் வைத்த தாமதம் முடிந்து பதில் இப்போது வந்திருக்கிறது. மனிதர் தன் சாவுக்குத் தானே லீவு கொடுத்துவிட்டார். எனக்கு மட்டும் விஷயம் புரிந்தது. வேலை போய்விடும் என்பதும் புரிந்தது. அதற்குள் அவர் மனைவி ரத்னம்மா எழுந்து வந்து, கீழே கிடந்த போனை எடுத்துப் படித்துவிட்டார்.

"நான்தான்மா செஞ்சேன். அதுவா பதில் போடும். இப்பவே நிறுத்திடறேன்."

"இருப்பா. எங்கம்மா ஊரு நாகரசம்பட்டிக்குப் போறேன்னு இவருகிட்ட எத்தினி தடவ கேட்டிருப்பேன்? ஒரு நாளும் சரின்னதில்ல. எனக்கும் ஒன்னு அனுப்பச் சொல்லு."

அனுப்பினேன். படித்த பிறகுதான் அவர் வாய்விட்டு அழுதார். அங்கேயே நின்று எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

தெருமுனை திரும்பும்போது என் போன் சிணுங்கியது. "போயிட்டு வாப்பா. நான் பாத்துக்கறேன்."

நான் லீவு கேட்கவே இல்லை. கேட்டால் வேலைக்கு ஆபத்து என்று சொல்லாமல் வந்தவன். அது எப்படி வந்தது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆச்சரியம், என் வேலையும் போகவில்லை.

இன்றும் நான் வண்டியை எடுத்தால் மனைவி உள்ளேயிருந்து, "போயிட்டு வாங்க, அவரு பாத்துக்குவாரு!" என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன்.